வீட்டிலேயே கார் கட்டுவது எப்படிச் சாத்தியமாகிறது?

பெரிய தொழிற்சாலையும் ராட்சத யந்திரங்களும் இன்றி, ஒரு மனிதன் தன் வீட்டுக் கொட்டகையிலேயே மோட்டார் காரை உருவாக்குவது எவ்வாறு சாத்தியமாகிறது என்ற வினாவுக்கு, 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் வெளியிட்ட ‘லோட்டஸ் செவன்’ என்னும் சிறு வாகனம் தெளிவான விடையளிக்கிறது. முழுக் காருக்கு அந்நாட்டில் விதிக்கப்பட்ட கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கிச் சொந்தக்காரரே பூட்டிக்கொள்ளும் காருக்கு இல்லையாதலால், அதற்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது.

அதன் ரகசியம் சட்டகத்தில் இருக்கிறது. நான்கு குழாய்களாலான சதுரம், பக்கங்களின் நீளம் சிறிதும் மாறாமலே ஒருபுறம் சாய்ந்துவிடக்கூடும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு குழாயைப் பற்றவைத்து அதை இரு முக்கோணங்களாக்கிவிட்டாலோ, ஏதேனும் ஒரு குழாய் நீண்டாலன்றி அல்லது குறுகினாலன்றி அதன் வடிவம் மாறுவதற்கில்லை. ஆகவே சாலையின் அதிர்ச்சிகள் பெரும்பாலும் குழாய்களை வளைக்காமல், அவற்றின் நீளவாக்கில் இழுவிசையாகவும் அழுத்தமாகவும் பரவிப்போவதால், மெல்லிய எஃகுக் குழாயே போதுமானதாகிறது. பாரம் குறைவதால், ஏறத்தாழ 40 குதிரைத் திறனுள்ள எளிய ஃபோர்டு எஞ்சினும் அதை உற்சாகமாக இழுத்துச் சென்றது.

பூட்டும் வேலைக்கு வேண்டியது பலமன்று, நிதானம். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்ட்டுகளை, கார் ஜாக்கியின்மேல் நிற்கும்போதே முழுதும் இறுக்கிவிடலாகாது; சக்கரங்கள் தரையில் ஊன்றி, பாரம் முழுவதும் இறங்கிய பின்னரே இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் எந்நேரமும் முறுக்குண்ட நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துபோகும்.

இவ்வாறு வீட்டில் உருவான கார், இன்று பிரிட்டனில் சாலைக்கு வருமுன் அரசாங்கத்தின் தனிப் பரிசோதனையில் தேற வேண்டும். பிறர் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இந்த நியதி முற்றிலும் நியாயமானதே.