ஒரு பல்லின் பிடியில் இரண்டு டன்

கலப்பையை மாட்ட டிராக்டரைப் பின்னால் எடுத்து நிறுத்துகிறார் விவசாயி. இறங்கி வந்து, பின்சக்கரங்களுக்கும் கலப்பைக்கும் நடுவே குனிந்து முளையைச் செருகுகிறார். டிராக்டர் ஓரடி பின்னால் உருண்டாலும் அவருக்கு ஒதுங்க இடமில்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு அவர் உயிர் பார்க்கிங் பிரேக்கை நம்பித்தான் இருக்கிறது. பழைய டிராக்டர்களில் எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கவனிக்கப்படும் பாகமும் அதுதான்.

1946-இல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாராகத் தொடங்கிய ஃபெர்குசன் டிராக்டர், அதன் வாரிசான மாஸி ஃபெர்குசன் 35, சென்னையில் 1960-இல் பிறந்த டாஃபே நிறுவனத்தின் டிராக்டர்கள் என நீளும் குடும்பத்தின் பழைய மாடல்களை நம் வயல்களில் இன்றும் பார்க்கலாம். இத்தகைய பழைய டிராக்டர்களில் பார்க்கிங் பிரேக் என்று தனியாக ஒரு பிரேக் கிடையாது. கால் பிரேக்கை மிதித்த நிலையிலேயே பூட்டி வைப்பதற்கான ஏற்பாடுதான் அது. ரம்பப் பல் வெட்டிய இரும்புத் துண்டு ஒன்று, அந்தப் பல்லில் விழும் கொக்கி ஒன்று. சில மாடல்களில் கைப்பிடி தனியாக இருந்தாலும், அதுவும் டிரம்முக்குள் இருக்கும் அதே ஷூக்களையே விரிக்கிறது.

அந்தக் கொக்கி தாங்கும் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,800 கிலோ டிராக்டர், எட்டடிக்கு ஓரடி ஏறும் சரிவில் நின்றால், கீழே இழுக்கும் விசை சுமார் 225 கிலோ. சக்கரத்தின் ஆரம் ஏறக்குறைய 25 அங்குலம். 14 அங்குல டிரம்மின் ஆரம் 7 அங்குலம். ஆகவே டிரம்மின் விளிம்பில் தேவைப்படும் உராய்வு விசை மூன்றரை மடங்கு, அதாவது 800 கிலோ. பிரேக் இல்லாத டிரெய்லரில் மூன்று டன் நெல் மூட்டை ஏற்றிப் பின்னால் மாட்டினால் அது 2,000 கிலோவைத் தாண்டிவிடும். நெம்புகோல்கள் இந்தச் சுமையைக் குறைத்துக் கொடுத்தாலும், வந்து சேரும் பங்கு முழுவதும் விரல் நகம் அளவு உலோக விளிம்பில்தான் உட்காருகிறது.

புதுப் பல்லின் முகம் உட்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சுமை கூடக்கூடக் கொக்கி இன்னும் ஆழமாகப் பதியும். விளிம்பு மழுங்கி உருண்டுவிட்டால் அதே சுமை கொக்கியை வெளியே தள்ளும். எஞ்சின் அதிர்வு ஒன்றே போதும், பூட்டு விடுபட்டுவிடும். தேய்ந்த பல்லில் வெல்டிங் வைத்து அரத்தால் ராவிச் சரிசெய்யும் வழக்கம் ஆபத்தானது. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டுப்போகும். பல், கொக்கி, ஸ்பிரிங் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கொக்கி பழைய பல்லில் முழு முகமும் படிந்து உட்காராது.

அதோடு வேலை முடிந்துவிடாது. டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அச்சின் ஆயில் சீல் கசிந்து லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் உராய்வு கிடைக்காது. சீலை மாற்றிய பிறகே புது லைனிங் போட வேண்டும், அதுவும் இரு பக்கமும் ஒன்றாக. ரிவிட் தலைகள் லைனிங் பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். மேலே தெரிந்தால் அவை டிரம்மைக் கீறும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது புற்றுநோயை உண்டாக்கும். கம்ப்ரசர் காற்றால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே சரி.

இந்த வேலைக்குச் சமதளமும், முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டையும், அச்சுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டும் கட்டாயம். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது.

எல்லாம் புதிதாக இருந்தாலும் ஒரு மறதி அனைத்தையும் வீணாக்கும். வயலில் திருப்பத்துக்காக இடது, வலது பெடல்களைப் பிரித்து ஓட்டுவோம். இணைக்காமலே பூட்டினால் ஒரு சக்கரத்துக்கு மட்டுமே பிடி. கியர் நியூட்ரலில் இருந்தால் டிஃபரன்ஷியல் மற்றச் சக்கரத்தைத் தடையின்றி உருளவிடும். டிராக்டர் ஒரு பக்கமாகச் சுழன்று இறங்கும். கியரில் போட்டு நிறுத்துவது கூடுதல் காப்புதான், பிரேக்குக்கு மாற்று ஆகாது. தேய்ந்த எஞ்சினில் அழுத்தம் கசியக் கசிய வண்டி மெல்ல நகரும். ஸ்டாப் குமிழை இழுக்காமல் விட்டிருந்தால், உருளும் வேகத்தில் டீசல் எஞ்சின் தானே உயிர்பெறவும் கூடும்.

வேலை முடிந்ததும் இலேசான சரிவில், சுமையில்லாமல், நியூட்ரலில் நிறுத்திப் பாருங்கள். ஒருவர் இருக்கையில் காலைப் பெடலருகே வைத்திருக்க, முன்னும் பின்னும் யாரும் நிற்கக் கூடாது. டயரிலும் தரையிலும் சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, கால் மணி நேரம் கழித்துக் கோடு விலகியிருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். பிறகு வண்டியைத் திருப்பி நிறுத்தி மறுபடியும் இதையே செய்யுங்கள்.

உழவுப் பருவத்துக்கு முன் ஆயில் மாற்றுகிறோம், டயருக்குக் காற்றுப் பிடிக்கிறோம். அந்தப் பட்டியலில் இந்தப் பல்லையும் கொக்கியையும் சேர்த்தாக வேண்டும். டிராக்டர் ஓட்டக் கற்றுத்தரும் ஒவ்வொரு பயிற்சியிலும், ஓட்டுவதற்கு இணையாக நிறுத்துவதையும் ஒரு பாடமாக வைக்க வேண்டும். மாற்ற வேண்டியவை சின்னப் பாகங்கள், ஒரு நாள் பட்டறை வேலை. அவற்றை நம்பி நிற்பவை மனித உயிர்கள்.