மின்னழுத்தம், மின்னோட்டம் ஆகியவற்றிலிருந்து மின்தடையையும் மின்திறனையும் கணக்கிடல்

ஒரு மின்கருவியின் முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தமும் அதன் வழியே செல்லும் மின்னோட்டமும் தெரிந்தால், அதன் மின்தடையையும் அது செலவிடும் மின்திறனையும் கணக்கிடலாம். மின்னழுத்தம் வோல்ட்டிலும், மின்னோட்டம் ஆம்பியரிலும், மின்தடை ஓமிலும், மின்திறன் வாட்டிலும் அளக்கப்படுகின்றன. செருமானிய இயற்பியலாளர் கியார்க் சைமன் ஓம் 1827 இல் வெளியிட்ட விதியே இக்கணக்கின் அடிப்படை.

வாய்பாடுகள்

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இவ்விரண்டையும் இணைத்தால் மூன்றாவது ஒன்று கிடைக்கிறது:

மின்திறன் = மின்னோட்டம் × மின்னோட்டம் × மின்தடை

மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதே இதன் பொருள். மின்னோட்டத்தின் வெப்ப விளைவை 1840-களில் சோதனைகள் மூலம் நிறுவியவர் ஜேம்ஸ் பிரஸ்காட் ஜூல்.

வீட்டு எடுத்துக்காட்டு

வீட்டு மின்னிணைப்பின் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு வாட்டர் ஹீட்டர் 5 ஆம்பியர் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம்.

மின்தடை = 230 ÷ 5 = 46 ஓம்
மின்திறன் = 230 × 5 = 1150 வாட்

இரண்டு மணி நேரம் ஓடினால் 2300 வாட்-மணி, அதாவது 2.3 யூனிட் செலவாகும்.

மின்கம்பியின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை வேளையில் மின்னழுத்தம் குறைவதுண்டு. அது 184 வோல்ட்டாகக் குறைந்தால், அதே 46 ஓம் தடையில் மின்னோட்டம் 4 ஆம்பியராகிறது; மின்திறன் 184 × 4 = 736 வாட். மின்னழுத்தம் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. மின்திறன் குறைந்ததோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தண்ணீர் சுடுவதற்கு நேரமாவது இதனால்தான்.

உப்புக் காற்றும் இணைப்புத் தடையும்

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று பிளக், சாக்கெட், கம்பி முறுக்கு ஆகியவற்றின் உலோகப் பரப்பை அரிக்கிறது. அரிப்புப் படலம் மின்னோட்டத்துக்குத் தடையாகிறது. ஓர் இணைப்பில் மட்டும் 10 ஆம்பியர் செல்லும்போது 2 வோல்ட் இழப்பு ஏற்பட்டால்:

மின்தடை = 2 ÷ 10 = 0.2 ஓம்
மின்திறன் = 2 × 10 = 20 வாட்

0.2 ஓம் என்பது சிறிய எண்தான். ஆனால் 20 வாட் என்பது ஈயப் பற்று வைக்கும் சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பத்துக்கு நிகரானது. அது நகக்கண் அளவு இடத்தில் குவிவதால் பிளக் கருகுகிறது, உருகுகிறது, சில வேளை தீப்பிடிக்கிறது. மின்னோட்டம் 15 ஆம்பியரானால், 15 × 15 × 0.2 = 45 வாட்.

இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பியூஸும் எம்.சி.பி.யும் மின்னோட்டம் வரம்பு மீறினால்தான் செயல்படும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. தடை கூடுவதால் சற்றுக் குறையவே செய்யும். எனவே அவை காப்பாற்றா. பிளக் சூடாக இருப்பது, கருகல் வாடை, நிறம் மாறிய சாக்கெட் ஆகியவையே எச்சரிக்கை. உடனே மெயின் சுவிட்சை அணைத்து, மின்பணியாளரைக் கொண்டு மாற்ற வேண்டும். மின்சாரம் உள்ள இணைப்பைப் பழகாதவர்கள் அளந்து பார்க்கக் கூடாது.

கல்பாக்கமும் உயர் மின்னழுத்தமும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரு உலைகள் 1984, 1986 ஆம் ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒவ்வொன்றின் நிறுவுதிறன் 220 மெகாவாட். மின்சாரம் 230 கிலோவோல்ட் கம்பிகளில் வெளியே செல்கிறது. இது வீட்டு மின்னழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்கு.

காரணத்தைக் கணக்கே காட்டும். 220 மெகாவாட்டை ஒரே மும்முனைத் தடத்தில் 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால், திறன் காரணியை 1 எனக் கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 552 ஆம்பியர் செல்லும் (22,00,00,000 ÷ 1.732 ÷ 2,30,000). ஒரு கம்பியின் தடை 2 ஓம் என்று கொண்டால், மூன்று கம்பிகளிலும் வெப்பமாக வீணாவது 3 × 552 × 552 × 2, அதாவது சுமார் 1.8 மெகாவாட். இது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அதே மின்சாரத்தை 23 கிலோவோல்ட்டில் அனுப்ப முயன்றால் மின்னோட்டம் பத்து மடங்கு, இழப்பு நூறு மடங்கு: சுமார் 183 மெகாவாட். ஊருக்கு வந்து சேர்வதற்கு மிச்சம் ஏதும் பெரிதாக இராது.

வரம்பு

மேற்கண்ட நேரடிக் கணக்கு ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்ற வெப்பக் கருவிகளுக்கே பொருந்தும். மோட்டார்களுக்குத் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும் கிணற்று மோட்டாரின் திறன் காரணி 0.8 எனில், மின்திறன் 230 × 5 × 0.8 = 920 வாட். அங்கும் 230 ÷ 5 = 46 என்றே வரும்; ஆனால் அது மோட்டார்ச் சுருளின் மின்தடை அன்று. சுருளின் காந்த விளைவும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதே இதற்குக் காரணம்.