கரண்ட் கணக்கு – 14: ஏற்காட்டுக்கு ஒன்று, டொரன்டோவுக்கு ஒன்று

நாமக்கல்காரர்களுக்குச் சூடு காட்டுவது புதிதல்ல. ஒருநாள் குஞ்சு வந்து இறங்கினால் முதல் வாரம் ஷெட்டில் 32, 33 டிகிரியாவது நிற்க வேண்டும். பல்பு, கரி, கேஸ் புரூடர் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். மனுசன் குடியிருக்கும் வீட்டுக்குச் சூடு காட்டுவது என்றால் மட்டும் சமவெளியில் சிரிப்பார்கள். மார்கழி விடியலிலும் இங்கே 18, 19 டிகிரி இருக்கும். அதற்கே மப்ளர் கட்டுகிறோம் என்பது வேறு கதை.

ஏற்காடு அப்படியல்ல. 1,500 மீட்டர் உயரத்தில் டிசம்பர், ஜனவரி இரவுகள் பத்து டிகிரியை ஒட்டி வந்துவிடும். மலையில் வீடு கட்டியவர்களும், பிள்ளைகள் டொரன்டோவில் வீடு வாங்கிய பெற்றோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஹீட் பம்ப் என்கிறார்களே, எதைப் பார்த்து வாங்குவது?

ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை. ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குத் தள்ளுகிறது. ஃபிரிட்ஜ் செய்வதும் இதே வேலைதான். பத்து டிகிரிக் காற்றிலும் சூடு உண்டு. அதைவிடக் குளிர்ந்த காயிலில் அந்தச் சூடு ஏறும். கம்ப்ரசர் அதை அழுத்தி வீட்டுக்குள் அனுப்பும். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938இலேயே லிம்மாத் ஆற்றுத் தண்ணீரிலிருந்து இப்படிச் சூடு எடுத்தது.

கேட்லாக்கில் சி.ஓ.பி. என்று ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் எத்தனை யூனிட் சூடு வரும் என்பதே அது. கம்பி ஹீட்டருக்கு அது ஒன்று. ஹீட் பம்புக்கு மூன்று, நான்கு என்று போட்டிருப்பார்கள். சூட்சுமம் இங்கேதான். வெளியே குளிர் ஏறினால் இந்த எண் இறங்கும். சூடு அதிகம் வேண்டிய இரவில்தான் மிஷினும் களைத்துப்போகும். வட அமெரிக்கக் கேட்லாக்குகளில் பெரிதாக அச்சிடும் எண் பெரும்பாலும் 8.3 டிகிரியில் அளந்தது. ஏற்காட்டு இரவு அதைவிடக் கீழே போவதே அபூர்வம். எனவே மலைவீட்டுக்கு 'குளிர் பிரதேச மாடல்' என்று கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஹாட் அண்டு கோல்டு இன்வெர்ட்டர் ஏசி ஒன்று போதும். அதற்கு முன்னால் பழைய எஸ்டேட் பங்களாக்களில் ஓட்டுச் சந்தையும் ஜன்னல் இடுக்கையும் அடையுங்கள். அந்தச் செலவு மிஷினில் அரை டன்னைக் குறைத்தாலும் குறைக்கும்.

டொரன்டோ கதை வேறு. அங்கே மைனஸ் 15க்குக் கீழே போகும் இரவுகள் உண்டு. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் அமைப்பு குளிர் பிரதேச மாடல் என்று முத்திரை தர, மைனஸ் 15 டிகிரியில் சி.ஓ.பி. 1.75 இருக்க வேண்டும் என்கிறது, 8.3 டிகிரியில் தரும் சூட்டில் 70 சதவீதமாவது அந்தக் குளிரிலும் வர வேண்டும். பிள்ளைகள் கேட்லாக்கில் பார்க்க வேண்டியது இந்த மைனஸ் 15 வரிசையைத்தான். வெளிக் காயிலில் பனி உறைந்தால் அதைக் கரைக்கவும் மிஷின் கரண்ட் எடுக்கும். அதனால் பழைய ஃபர்னஸை உடனே பிடுங்கி எறியாமல் துணைக்கு வைத்திருப்பது நல்லது.

சரி, மலையும் இல்லை, கனடாவும் இல்லை. ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ இருப்பவருக்கு? நம் ஊரில் இந்த மிஷினுக்கு உரிய இடம் குளியலறை. ஒரு கூட்டுக்குடும்பம் நாளைக்கு 200 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்றுகிறது என்று வையுங்கள். சாதாரண கீசருக்கு ஏறக்குறைய 5.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 350. சி.ஓ.பி. மூன்றரை உள்ள ஹீட் பம்ப் கீசருக்கு அதே வேலைக்கு 100 யூனிட். இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் நமக்கு, இந்த 250 யூனிட் வித்தியாசம் சின்னதல்ல. குளிருக்குப் படைத்த மிஷின் என்று பெயர் வாங்கியது, 20 டிகிரிக் காற்றில்தான் உண்மையிலேயே சுகமாக ஓடுகிறது.

விலை சாதாரண கீசரைப்போல் பல மடங்கு. ஆகவே இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்; ஹாஸ்டல், மண்டபம், பெரிய குடும்பம் என்றால் தயங்க வேண்டாம். போர் தண்ணீர் என்றால் இன்னொரு தொல்லை. பக்கெட் விளிம்பில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு டேங்கிலும் படியும். காயில் தண்ணீருக்குள் முங்காமல் டேங்கை வெளியே சுற்றி வரும் மாடலாகப் பாருங்கள். உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை எத்தனை வருசத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், யார் வந்து மாற்றுவார்கள் என்று கேளுங்கள். மிஷின் குளிர்ந்த காற்றை ஊதும் என்பதால் சமையலறைப் பக்கத்து வேலையிடத்தில் வைத்தால் சித்திரையில் அதுவும் லாபம்.

கடைக்காரர் சி.ஓ.பி. நான்கு என்றால், எத்தனை டிகிரிக் காற்றில், எத்தனை டிகிரித் தண்ணீருக்கு என்று திருப்பிக் கேளுங்கள். பதிலை பில்லின் பின்னாலேயே எழுதி வாங்குங்கள்.