பாபா: தந்தையோ, பாட்டியோ?

சின்னஞ்சிறு சொல்லொன்று என்னைப் பல நாள் அலைக்கழித்தது. ‘பாபா’ என்பது துருக்கியில் தந்தை; பல்கேரியத்தில் பாட்டி; ருசியத்திலோ நாட்டுப்புறப் பெண்ணைச் சற்று இளக்காரமாகச் சுட்டுவது. ஒன்றினின்று மற்றொன்று பிறந்ததன்று. குழந்தையின் இதழ் எளிதில் எழுப்பும் ஒலிகளுக்குப் பெற்றோரே பொருளூட்டுகின்றனர் என மொழியறிஞர் ரோமன் யாக்கப்சன் 1960இல் வெளியான கட்டுரையொன்றில் விளக்கினார்.

இவ்விரு பாபாக்களும் எதிர்ப்பட்ட இடம் உக்ரேனியப் புல்வெளி. அங்கு துருக்கிய மொழி பேசிய குமானியர் இறந்தோர்க்குக் கற்சிலை நாட்டினர். 1253இல் அவ்வழி சென்ற ரூப்ருக் ஊர்த் துறவி வில்லியம், அவை கிழக்கு நோக்கிக் கொப்பூழருகே கிண்ணம் ஏந்தி நிற்பதைக் குறித்துள்ளார். ருசியர் அவற்றைக் ‘கற்பாபா’ என்பர், அதாவது கற்கிழவி. மீசையும் வாளும் உடைய வீரனும் கிழவியாம்!

துருக்கியரின் ‘தந்தை’யே சிலாவியர் செவியில் ‘கிழவி’யாயிற்று என்போர் உளர். எனக்கும் அதுவே இசைவாகத் தோன்றுகிறது. ஆயினும் பெண்ணுருவச் சிலைகளும் பலவாதலின் அறுதியிட்டுரையேன்.

இசியம் நகரையடுத்த குன்றில் நின்ற இத்தகைய சிலைகள் 2022ஆம் ஆண்டுப் போரில் சேதமுற்றன. ஒன்று முற்றாகச் சிதைந்தது. தந்தையோ, பாட்டியோ, அறியேன்.