மிரட்டுகிறவனின் முதல்

"எல்லாம் இந்தச் செல்போனால் வந்த வினை!" என்று கூறி, மகளின் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பூட்டிவைக்கும் தந்தைமார்கள் இன்று பலர். மகனிடமிருந்து பிடுங்குவதில்லை, அது வேறு நியாயம்! பூட்டியதோடு ஆபத்து தீர்ந்தது என்று நிம்மதி கொள்கிறார்கள். தீர்ந்ததா என்று நாம் கேட்கிறோம்.

ஆபத்து எந்த வழியாக வருகிறது என்பதைத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இன்ஸ்டாகிராமிலோ பேஸ்புக்கிலோ முகமறியாத ஒருவன் நட்புக் கேட்கிறான். இனிக்க இனிக்கப் பேசுகிறான். பிறகு படம் கேட்கிறான். ஆண் பிள்ளைகளையும் வீடியோ அழைப்பிலே சிக்கவைக்கிறான். படம் அனுப்பாத பெண்ணும் தப்புவதில்லை. கலியாண வீட்டில் எடுத்துப் போட்ட படத்திலிருந்து முகத்தை எடுத்து, ஆபாச உடலோடு ஒட்டிவிட இன்று சில நொடிகள் போதும். அடுத்து வருகிறது மிரட்டல்: "பணம் கொடு, இல்லையேல் உன் அப்பனுக்கு அனுப்புவேன்!"

கவனியுங்கள் தோழர்களே! அப்பனுக்கு அனுப்புவேன் என்கிறான். தந்தை தன் பக்கம் நிற்கமாட்டார், தன்னைத்தான் அடிப்பார் என்று அந்தப் பெண் அஞ்சுகிறாளே, அந்த அச்சம்தான் அவன் தொழிலுக்கு முதல். குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, மானத்தின் பாரத்தையெல்லாம் பெண்ணின் தலையில் ஏற்றிவைத்த சமுதாயம், அந்த முதலை அவனுக்கு வட்டியில்லாமல் கொடுத்திருக்கிறது.

தந்தைக்கு மட்டும் விலக்கு உண்டா? சம்பளம் வரப் பத்து நாள் இருக்கிறது. பள்ளிக் கட்டணம் கட்டியாக வேண்டும். "ஐந்தே நிமிடத்தில் கடன்" என்கிறது செல்போன் விளம்பரம். தொழிலாளத் தோழர் அந்தச் செயலியை இறக்குகிறார். அது கேட்கும் அனுமதிகளுக்கெல்லாம் சரி என்கிறார். உறவினர் எண்களும் குடும்பப் படங்களும் கடன்காரன் கைக்குப் போகின்றன. தவணை தவறினால், மனைவியின் படத்தைத் திரித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதாக மிரட்டுகிறான். கடன் செயலிகள் செல்போனிலுள்ள எண்களையும் படங்களையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. கள்ளன் விதியைப் படித்துவிட்டா திருட வருகிறான்? தோழரோ வீட்டில் சொல்லாமல் மறைக்கிறார். இன்னொரு கடன் வாங்கி முதற் கடனை அடைக்கிறார்.

மகள் தந்தையிடம் மறைக்கிறாள். தந்தை மனைவியிடம் மறைக்கிறார். ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் கொள்ளையடிக்கிறான் எத்தன். தனித்து நின்ற தொழிலாளியின் கதி என்ன என்பதை ஆலை வாசலில் கற்றவர்களுக்கு இது புரியாத பாடமா?

சட்டம் மிரட்டுகிறவன் பக்கம் இல்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தைச் சம்மதமின்றி எடுப்பவனுக்கும் பரப்புபவனுக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு என்கிறது 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். 18 வயது நிரம்பாதவர்களின் ஆபாசப் படத்தைப் பரப்பினால், முதல் முறையே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆகவே, மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தவரிடம் மறுமுறையும் கேட்பான். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவையே சாட்சி. பணம் பறிபோயிருந்தால் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால், பணம் கைமாறுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழியுண்டு. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. குடும்பப் படங்களைத் தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி கணக்கை அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் பெயர் தெரியும் சீருடையோடு பிள்ளையின் படத்தை ஊரறியப் போடாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. இன்றிரவு சாப்பிட உட்காரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: "எது நடந்தாலும் முதலில் எங்களிடம் சொல், நாங்கள் உன் பக்கம்தான்." சொன்னால் போதாது; சொன்னபடி நிற்க வேண்டும்.

படிப்பகத்திலும் சங்க அலுவலகத்திலும் அந்த இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள். முறையீடு எழுதத் தெரிந்த தோழர் ஒருவர், அழுதுகொண்டு வரும் குடும்பத்தோடு காவல் நிலையம் வரை போகட்டும். மிரட்டுகிறவனின் முதலைப் பறித்துவிட்டால், அவன் வியாபாரம் தானே படுத்துவிடும்!