மரம் யாருடையது?
நிலமும் நீரும் – 9

சஹேல் பகுதியை 1970களில் உலுக்கிய வறட்சியைப் போன வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு நைஜர் நாட்டுக்கு மரம் நடும் திட்டங்கள் வரிசை கட்டி வந்தன. பணம் வந்தது, கன்று வந்தது. மரம் மட்டும் வரவில்லை. மராடி வட்டாரத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ நட்டவற்றிலும் பெரும்பாலானவை கருகிப்போயின.

1983இல் ஒருநாள் மணல்பாதையில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புதர். உற்றுப் பார்த்தால், என்றோ வெட்டிய மரத்தின் தூரிலிருந்து கிளம்பிய துளிர்கள். வயல்களெங்கும் அப்படித்தான். மேலே பொட்டல், கீழே ஒரு காடே வேரோடு காத்திருந்தது.

விவசாயிகளுக்கு இது தெரியாதா என்ன? வருஷா வருஷம் விதைப்புக்கு முன் அந்தத் துளிர்களை வெட்டிக் கொளுத்தியவர்களே அவர்கள்தாம். பிரெஞ்சுக்காரர் காலம்தொட்டு மரம் அரசாங்கச் சொத்து. சொந்த வயலில் கிளை கழித்தாலும் வனக்காவலர் அபராதம் போடுவார். வளர்த்தால் வம்பு என்றால் யார் வளர்ப்பார்கள்?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஒரு தூரில் இருபது முப்பது துளிர் இருக்கும். நேராகவும் திடமாகவும் இருக்கும் நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைக் கழிக்க வேண்டும். விட்டதிலும் பக்கக் கிளைகளைப் பாதி உயரம்வரை கவாத்து செய்ய வேண்டும். கழித்ததெல்லாம் அடுப்புக்கு. நாற்றங்கால் கிடையாது, குடத்தில் தண்ணீர் சுமப்பதும் கிடையாது.

1984 பஞ்சத்தின்போது, மரம் காத்தால் தானியம் என்று ரினாடோ தரப்பில் சொன்னார்கள். வயல்களில் மரங்கள் எழுந்தன. தானியம் நின்றதும் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள்! கூலிக்கு வளர்த்த மரம் கூலியோடு போனது. ஆனால் வெட்டாமல் விட்டவர்களும் இருந்தார்கள். வனத்துறையினர் கெடுபிடியைத் தளர்த்திய இடங்களில், வளர்த்தவனே வெட்டி விற்கலாம் என்ற நம்பிக்கை மெல்ல வேர்விட்டது. பக்கத்து ஜிந்தர் வட்டாரத்தில் பெரிய திட்டம் எதுவும் இல்லாமலேயே மரங்கள் பெருகின.

அங்கே ஹவுசா மக்கள் கொண்டாடுவது காவோ மரத்தை. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு வறண்ட காலத்தில் தழைக்கும் விசித்திரப் பிறவி. கம்புப் பயிருக்கு நிழல் கட்டாது; உதிர்ந்த இலை மண்ணுக்கு உரம். புல் தீய்ந்த மாதங்களில் சுருள்சுருளான காய்கள் ஆடுகளுக்குத் தீனி. முன்பெல்லாம் மணற்காற்று இளம்பயிரை மூடிவிட, ஒரே பருவத்தில் மூன்று நான்கு முறை மறுவிதைப்பு நடக்கும். மரங்கள் வந்தபின் பெரும்பாலும் ஒரே விதைப்பு போதுமாயிற்று. மொத்தம் சுமார் 50 லட்சம் ஹெக்டேர், 20 கோடி மரங்கள் என்பது செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு.

இதனால் நைஜரில் பசி ஒழிந்துவிடவில்லை. 2005இல் மறுபடியும் பஞ்சம் வந்தது. மரம் இருந்த ஊர்களில் விறகையும் தழையையும் விற்றுத் தானியம் வாங்க முடிந்தது, அவ்வளவுதான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏழு குழந்தைகள் வரை பிறந்த நாட்டில், அப்பன் காட்டைப் பிள்ளைகள் பங்கு போடும்போது வரப்புதான் மிஞ்சுகிறது.

வயல் மரம் விவசாயிக்கே சொந்தம் என்ற ஆணை 2020இல்தான் வந்தது. நியாயம்தான். ஆனால் மாடுகளோடு வறண்ட காலத்தில் அந்த வழியே வரும் ஃபுலானி மேய்ப்பர்கள், அதே காவோ கிளைகளைத் தலைமுறைகளாகத் தறித்துப் போட்டு மந்தையைக் காப்பாற்றியவர்கள். அவர்களுடைய பாத்தியதை என்னாவது? அடுத்த வாரம் அவர்களோடு நடப்போம்.

(தொடரும்)