விளையாட்டா, விஞ்ஞானமா?



உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வந்ததும் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குப் புதிதல்ல. டாக்டர், ஆசிரியை, கணக்காளர் என்று மூன்று சொற்களைச் சுற்றியே அது வளரும். இந்த நேரத்தில் மகள் வந்து, "உம்மா, நான் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? "விளையாடுவதற்கா பல்கலைக்கழகம்?" என்று வாப்பா கேட்பார். "பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று உம்மும்மா கேட்பார். நீங்களோ இருவருக்கும் நடுவில் நின்று, என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவிப்பீர்கள்.

கேட்பவர்கள் மீது குறை இல்லை. அந்தப் படிப்பின் பெயர் அப்படி. ஆனால் பெயரை மட்டும் பார்த்து ஒரு பிள்ளையின் வழியை அடைத்துவிடக் கூடாதல்லவா? ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் வாழும் நமக்கு இந்தப் படிப்பு மிக நெருக்கமானது. அது எப்படி என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

உழைக்கும் உடலின் விஞ்ஞானம்

இந்தத் துறையில் கற்பிக்கப்படுவது பந்து அடிக்கும் வித்தை மட்டும் அல்ல. உடலமைப்பியல், உடற்றொழிலியல், போசாக்கு, உளவியல், அசைவுகளின் பௌதிகம், காயங்களைத் தடுக்கும் முறை, பயிற்சி அளிக்கும் முறை என்று பாடங்கள் விரிகின்றன. ஒரு மனிதன் ஓடும்போதும், சுமக்கும்போதும், மலை ஏறும்போதும் அவனுடைய இதயமும் நுரையீரலும் தசையும் என்ன செய்கின்றன என்பதே இதன் மையக் கேள்வி.

இத்துறைக்குப் பெரும் திருப்பம் தந்த ஆய்வு ஒன்று விளையாட்டு மைதானத்திலேயே நடக்கவில்லை. லண்டன் நகரப் பஸ்களில் நடந்தது! ஜெரமி மொரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1953-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு மாடிப் பஸ்ஸில் சாரதி நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். மாரடைப்பு நோய் சாரதிகளைவிட நடத்துநர்களிடம் குறைவாகக் காணப்பட்டது. உடலை அசைத்து உழைப்பதற்கும் இதயத்தின் நலத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் கவனிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

அப்படியானால், நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறி இறங்கும் நம் தோட்டத்துச் சகோதரிகளின் உடலைப் பற்றி இந்த விஞ்ஞானம் என்ன சொல்கிறது? அதற்கும் பதில் இருக்கிறது. அந்தப் பதில் இலங்கையிலிருந்தே உலகுக்குப் போனது என்பதுதான் நம்மில் பலர் அறியாத செய்தி.

தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஆய்வு

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து எட்கர்டன், கார்ட்னர் முதலிய உடற்பயிற்சி விஞ்ஞானிகள் இலங்கைக்கு வந்தார்கள். செனவிரத்ன என்ற இலங்கை மருத்துவப் பேராசிரியர் அவர்களுடன் இணைந்து பணியாற்றினார். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: இரத்தச்சோகை உள்ள ஒருவரால் எவ்வளவு உழைக்க முடியும்?

22 முதல் 65 வயது வரையான 75 பெண்களை, ட்ரெட்மில் எனப்படும் நகரும் பட்டையில் நடக்கச் செய்து பார்த்தார்கள். கட்டம் கட்டமாக நடை கடினமாக்கப்பட்டது. 1977-இல் முடிவு வெளியானது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 13 கிராமும் அதற்கு மேலும் ஈமோகுளோபின் உள்ள பெண்கள் எல்லோரும் மிகக் கடினமான கட்டத்தை எட்டினார்கள். 8 கிராமுக்குக் குறைவாக இருந்தவர்களில் ஒருவர்கூட அதை எட்டவில்லை.

காரணம் என்ன? நாம் சுவாசிக்கும் ஒட்சிசனைத் தசைகளுக்குச் சுமந்து செல்வது ஈமோகுளோபின். அது உருவாக இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் சுமக்கும் ஆள் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது, சிறிது ஏறியதும் மூச்சு வாங்குகிறது, கால் ஓய்கிறது.

அடுத்த கட்டமாக ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே போனார்கள். இரத்தச்சோகை உள்ள தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுக்கப்பட்டது. ஒரு மாதத்துக்குப் பின், ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமான கொழுந்து பறித்தார்கள். யாருக்கு இரத்தம் மிகக் குறைவாக இருந்ததோ அவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம். வேலை நேரத்தில் மட்டுமல்ல, அன்றாட நடமாட்டத்திலும் சுறுசுறுப்பு கூடியதைக் கருவி கொண்டு அளந்தார்கள். 1979-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான இந்த ஆய்வை உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சகோதரிகளே, இதை வெறும் எண்களாகப் பார்க்காதீர்கள். தோட்டத்தில் கூலி பறிக்கும் கொழுந்தின் நிறையைப் பொறுத்தது. நிறை குறைந்தால் கையில் வரும் காசும் குறையும். "இவள் சோம்பேறி, மெதுவாகப் பறிக்கிறாள்" என்று ஏச்சு வாங்கிய எத்தனையோ பெண்கள் உண்மையில் இரத்தமில்லாமல் தவித்தவர்கள். சோம்பல் என்று ஊர் சொன்னதை நோய் என்று நிரூபித்தது இந்த விஞ்ஞானம்தான். இதை விளையாட்டு என்று ஒதுக்க முடியுமா?

நம் வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு

கடைத்தெருவில் வாழும் நாம் இதிலிருந்து தப்பியவர்கள் அல்லர். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் இழப்பாவதால் இரும்புத் தேவை அதிகம். மகள் படி ஏறினாலே களைத்துப் போகிறாள் என்றால், திட்டுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள்.

இன்னொன்று. தேயிலை நாட்டில் வாழும் நாம் சோறு உண்ட கையோடு தேநீர் குடிக்கிறோம். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருட்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். கீரைச் சுண்டலில் தேசிக்காய்ப் புளி விடுங்கள், கொய்யாப்பழம் கொடுங்கள். அவற்றிலுள்ள விற்றமின் சி இரும்பு உடலில் சேர உதவும். இறைச்சி, ஈரல், நெத்தலி ஆகியவற்றிலுள்ள இரும்பு இன்னும் எளிதாகச் சேரும். ஆனால் ஈரலைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. இவையெல்லாம் விளையாட்டுப் போசாக்கு என்ற பாடத்தில் வருபவைதான்!

மலையே ஓர் ஆய்வுகூடம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அமுக்கம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. உயரமான இடத்தில் சில வாரங்கள் தங்கினால், உடல் கூடுதலாகச் சிவப்பணுக்களை உருவாக்கி அந்தக் குறையை ஈடுசெய்யப் பார்க்கிறது. ஓட்ட வீரர்கள் மலைநாடுகளைத் தேடிப் போய்ப் பயிற்சி பெறுவது இதனால்தான். 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரில் 1968-இல் ஒலிம்பிக் நடந்தபோது இந்த விடயம் உலகம் முழுவதும் பேசப்பட்டது. சிவப்பணு கூட வேண்டுமானால் இரும்பு வேண்டும் என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை.

மற்றவர்கள் தேடிப் போகும் மலையில் பிறந்து வளர்கிறார்கள் நம் பிள்ளைகள். பாடசாலைக்கு ஏறி இறங்கும் பாதையே அவர்களுக்குப் பயிற்சி. அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்று ஆராயும் அறிவும் அவர்களுக்கே கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எங்கே படிக்கலாம்?

ஹோட்டன் சமவெளியின் தெற்கு அடிவாரத்தில், பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்துக்கும் உடற்கல்விக்கும் தனித் துறை இருக்கிறது. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் சேர்ந்த பட்டப்படிப்பு உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்விப் பட்டம் படிக்கலாம். உயிரியல் பிரிவில் படித்த பிள்ளைகள் பேராதனையில் இயன்மருத்துவம் எனப்படும் பிசியோதெரபி பட்டத்தையும் எண்ணிப் பார்க்கலாம்.

இஸட் புள்ளி மட்டும் போதாமல் செய்முறைத் தேர்வும் வைக்கப்படுவதுண்டு. எனவே பாடசாலைப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலில் பார்த்துவிட்டே விண்ணப்பியுங்கள். பட்டம் பெற்றபின் உடற்கல்வி ஆசிரியை, விளையாட்டு உத்தியோகத்தர், பயிற்றுநர், போசாக்கு ஆலோசகர், ஆராய்ச்சியாளர் என்று பல வழிகள் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானம் படிக்க நகரத்துக்கு வர வேண்டும். பஸ் செலவும் தங்குமிடமும் பெரும் பாரம். வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளையோடு அயலிலுள்ள ஒரு பிள்ளைக்கும் கைகொடுத்தால் அது நிலைத்து நிற்கும் தர்மம்.

உடையும் ஒழுக்கமும்

கடைசியாக, நம் வீடுகளில் எழும் முக்கியமான தயக்கம். "மகள் ஹிஜாபோடு இதைப் படிக்க முடியுமா?" என்ற கேள்வி நியாயமானது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் 2014-இலும், கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017-இலும் தலையை மூடி விளையாட அனுமதி அளித்துவிட்டன. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாப் அணிந்தே வாள்வீச்சில் தன் அணியோடு வெண்கலப் பதக்கம் வென்றார். ஆய்வுகூடத்திலும் வகுப்பறையிலும் கழியும் நேரமும் இந்தப் படிப்பில் மிக அதிகம்.

நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதை நாம் அறிவோம். பெண் ஓடுவதே பிழை என்று சொல்ல நம்மிடம் ஆதாரம் இல்லை. வரம்பு பேணுவது வேறு. வாசலை அடைப்பது வேறு.

இன்னொரு விடயமும் இருக்கிறது. பெண்களுக்குப் பயிற்சி அளிக்கவும், காயம்பட்டால் தொட்டுப் பார்க்கவும், பிரசவத்துக்குப் பின் உடற்பயிற்சி சொல்லித் தரவும் பெண்களே வேண்டும் என்று நாம்தானே விரும்புகிறோம்? நம் பெண் பிள்ளைகள் படிக்காவிட்டால் அந்தப் பெண்கள் எங்கிருந்து வருவார்கள்?

அன்று அந்தப் பட்டையில் ஏறி நடந்தவர்கள் நம் நாட்டுப் பெண்கள். அளந்தவர்கள் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவர்கள். அடுத்த ஆய்வில் அளக்கும் கருவி நம் மலைநாட்டு மகளின் கையில் இருக்கட்டும். கொழுந்துப் பையோடு மலை ஏறும் பெண்ணிடம் அவள் மொழியிலேயே, "அக்கா, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று கேட்க அவளால்தான் முடியும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை உங்கள் மகள் இந்தப் படிப்பின் பெயரைச் சொன்னால், "விளையாடவா?" என்று கேட்காதீர்கள். "விண்ணப்பப் படிவம் எப்போது வருகிறது?" என்று கேளுங்கள்.